தேதி கேட்கும் பழுது

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். விருத்தகிரீஸ்வரர் கோயிலால் அறியப்பட்ட அந்த ஊர், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பீங்கானாலும் அறியப்படுகிறது. பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றி வளர்ந்தன. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் அகல்விளக்கும் பொம்மையும்தான். ஆனால் நம் வீடுகளின் அன்றாடத்தோடு அதிகம் பழகிய சரக்கு வேறொன்று: பீங்கான் ஃபியூஸ் கட்டை. பேச்சில் அது 'பீஸ் கட்டை'. மின்கட்டணம் கட்டாத வீட்டில் வந்து பிடுங்கிக்கொண்டு போவார்களே, அதுதான். அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அறிவு புரியும். வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு பெட்டி, அதில் செருகி எடுக்கும் ஒரு கட்டை, கட்டையின் இரு முனையிலும் பித்தளை நாக்கு, நடுவே ஒரு பள்ளம், அதில் மயிரிழை போன்ற கம்பி. சுமை கூடினால் கம்பி உருகி அறும். அறுந்த இடத்தில் வெள்ளைப் பீங்கானின் மேல் கறுப்பாக ஒரு தீற்று விழும். கோளாறு எங்கே என்று அந்தக் கறையே காட்டிக்கொடுத்துவிடும். மெயினை அணை, கட்டையைப் பிடுங்கு, கம்பியைப் பார், அறுந்திருந்தால் சரியான அளவுக் கம்பியைச் சுற்று. தாத்தா கற்ற இந்த வைத்தியம் பேரன் கையிலும் அப்படியே செல்லுபடியாகிறது, ஏனென்றால் கட்டை மாறவில்லை.

மாறாத பொருளின் வைத்தியமும் மாறாது. இந்த எளிய உண்மையில் ஊறி வளர்ந்த நாம், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளிடமும் அதே பழக்கத்தோடு போய் நிற்கிறோம். கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்தியதும் ப்ளூடூத் ஹெட்செட் மௌனமாகிவிடுவது இன்று வீட்டிலும் கடையிலும் கேட்டுப் பழகிய புகார். "கனெக்ட் ஆகுது, சத்தம் வரல" என்பார்கள். அல்லது பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது என்பார்கள். அல்லது பாட்டு நன்றாக இருக்கும், மைக் வேலை செய்யாது. தேடினால் நூறு தீர்வுகள் கிடைக்கும், ஒவ்வொன்றின் கீழும் "சரியாகிவிட்டது, நன்றி" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். செய்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. தீர்வு சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறொரு காலத்துக்கு. இந்தப் பழுதுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது, நீங்கள் எந்தக் காலத்திலிருந்து எந்தக் காலத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்காமல் இதற்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பதே என் வாதம்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1994-இல் சுவீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில், கைபேசிக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் நடுவே உள்ள வயரை ஒழிக்கும் வேலையாக ப்ளூடூத் தொடங்கியது. 1998-இல் எரிக்ஸன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 1999-இல் முதல் வரையறை வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே பேசும் ஏற்பாடு அது. இந்தியாவில் அந்த அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் விதி வந்தது. ஒலியில் முதலில் நினைத்தது தொலைபேசிப் பேச்சை மட்டும்தான். பேச்சுக்கு இருவழி வேண்டும், தரம் சுமாராக இருந்தால் போதும். அதனால் விநாடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கும் பழைய தொலைபேசித் தரமே அதற்கு வைக்கப்பட்டது. பாட்டு கேட்கும் ஆசை பிறகு வந்தது. அதற்கென 2003-இல் ஏ2டிபி என்ற தனி முறை வகுத்தார்கள். விநாடிக்கு 48,000 மாதிரிகள் வரை, இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி, ஆனால் ஒருவழிதான். அதில் மைக்குக்கு இடமில்லை. ஒரே ஹெட்செட்டுக்குள் இப்படி இரண்டு குடித்தனங்கள். பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏதாவதொரு செயலி மைக்கைத் திறந்தால் கணினி ஏ2டிபியை விட்டுப் பேச்சு முறைக்குத் தாவும், பாட்டு அந்தக் கணமே கிணற்றுக்குள் விழும். மேம்படுத்திய பிறகு வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகை. புதிய இயங்குதளம் வந்ததும் எந்தச் செயலி மைக்கைத் திறக்கிறது, கணினி எப்போது எந்த முறைக்குத் தாவுகிறது என்ற வழக்கம் மாறியிருக்கும். கருவியில் எதுவும் கெட்டிருக்காது. 2003-இல் போட்ட பாகப்பிரிவினை இன்று நம் காதில் கேட்கிறது, அவ்வளவுதான். அதைச் சேர்த்துவைக்கும் முயற்சியாக எல்இ ஆடியோ என்ற புதிய ஏற்பாடு 2020-இல் அறிவிக்கப்பட்டு, 2022-இல் வரையறை முழுமை பெற்றது. ஆனால் ஹெட்செட், கணினியின் ப்ளூடூத் சிப், இயங்குதளம் மூன்றும் அதற்குத் தயாராக இருந்தால்தான் பலன்.

மேசைக் கணினி இந்த விருந்தாளியை வரவேற்ற கதை இன்னும் சிக்கலானது. விண்டோஸ் எக்ஸ்பியில் 2004-ஆம் ஆண்டின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடுதான் உள்ளமைந்த ப்ளூடூத் பரவலாக வந்தது. அதிலும் ஹெட்செட்டுக்கு வழியில்லை. விட்காம், தோஷிபா, ப்ளூசோலெய்ல் என்று வெளியார் எழுதிய மென்பொருள் அடுக்குகளை நம்பியே ஒலி ஓடியது. அந்தக் காலத்தில் இயங்குதளத்தை மாற்றினால் அந்த வெளியார் மென்பொருள் புதிய வீட்டில் குடியேற மறுக்கும். அப்போதைய தீர்வு, குறுந்தட்டைத் தேடி எடுத்து அதை மறுபடி நிறுவுவது. இன்று அதே வேலையைச் செய்தால் விண்டோஸின் சொந்த அடுக்கோடு மோதும். வசதிகள் நேர்கோட்டில் கூடிக்கொண்டே போகவும் இல்லை. கைபேசியில் ஓடும் பாட்டைக் கணினியின் ஸ்பீக்கரில் கேட்கும் வசதி விண்டோஸ் 7-இல் இருந்தது, விண்டோஸ் 8-இல் காணாமல்போனது, 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்பில் திரும்பிவந்தது. விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் 'ஸ்டீரியோ' என்றும் 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்றும் இரண்டு பெயரில் பட்டியலில் நிற்கும். "ஸ்டீரியோவைத் தேர்ந்தெடு" என்பது அன்றைக்கு மிகச் சரியான ஆலோசனை. விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டது. பழைய ஆலோசனையைப் படித்துவிட்டு இல்லாத ஒரு வரியை அதில் தேடுகிறவரின் தவிப்பு வீணானது.

லினக்ஸில் இந்த வரலாறு திறந்தே கிடப்பதால், அங்கே இன்னும் தெளிவாகப் படிக்கலாம். தமிழ்நாட்டுக்கு அது அந்நியமான சங்கதியும் இல்லை. சென்னையில் சி-டாக் என்ற அரசு நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மாணவர் கைகளுக்குப் போனது. ஒரே கணினியில் விண்டோஸும் இருந்தது, பாஸும் இருந்தது. லினக்ஸில் ஒலி மூன்று தளமாக நிற்கிறது. கீழே இயங்குதளத்தின் கருவான கெர்னலும் அதன் ஆல்சா ஓட்டிகளும். ப்ளூடூத்தைக் கவனிப்பது 2001-இல் கெர்னலுக்குள் வந்த ப்ளூஸெட். எல்லாச் செயலிகளின் ஒலியையும் வாங்கிப் பிரித்துக்கொடுக்க நடுவே ஓர் ஒலிச் சேவையகம். லினக்ஸ் வகைகளில் 2007 நவம்பரில் ஃபெடோரா 8-உம், 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04-உம் பல்ஸ்ஆடியோவை அந்த நடு இடத்தில் உட்காரவைத்தன. ஒவ்வொன்றையும் எழுதுவது வேறு வேறு குழு; ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டி. பழுது பிறக்கும் இடம் இதுதான்.

2012 டிசம்பரில் ப்ளூஸெட் 5 வந்தது. ஒலி தொடர்பாகத் தன் உள்ளே வைத்திருந்த பலவற்றை அது இறக்கிவைத்தது. பேச்சு முறையை ஓஃபோனோ என்ற வேறொரு மென்பொருள் கவனிக்கட்டும் என்று விட்டது. 2014 மார்ச்சில் வந்த பல்ஸ்ஆடியோ 5.0 புதிய ப்ளூஸெட்டோடு பேசக் கற்றுக்கொண்டது, ஆனால் பாட்டுக்கு மட்டும். மைக்குக்கான வழியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்ட 6.0 பதிப்பு வந்தது 2015 பிப்ரவரியில். டெபியன் 8-க்கான மென்பொருள் பட்டியலோ 2014 நவம்பரிலேயே பூட்டப்பட்டுவிட்டது. கதவு சாத்திய மூன்று மாதம் கழித்துச் சாவி வந்து சேர்ந்தது. ஆகவே 2015 ஏப்ரலில் டெபியன் 7-இலிருந்து 8-க்கு மாறியவரின் ஹெட்செட்டில் பாட்டு வந்தது, பேச்சு போனது. ப்ளூஸெட்டைக் கேட்டால் அது சரியாக இருந்தது. பல்ஸ்ஆடியோவைக் கேட்டால் அதுவும் சரியாக இருந்தது. சூளைக்காரர்களுக்கு இந்த நிலை நன்றாகப் புரியும். பீங்கானில் உடல்மண்ணும் மேல்பூச்சும் சூளையிலிருந்து ஆறும்போது ஒத்துச் சுருங்க வேண்டும். பூச்சு அதிகமாகச் சுருங்கினால் அதில் மயிரிழை விரிசல் ஓடும், உடல் அதிகமாகச் சுருங்கினால் பூச்சு பெயர்ந்து வரும். மண்ணும் நல்ல மண், பூச்சும் நல்ல பூச்சு, ஆனாலும் பாத்திரம் கெடும். மண் மாறினால் பூச்சின் கலவையையும் மாற்றிச் சிறு துண்டைச் சுட்டுப் பார்த்த பிறகே சூளையை நிரப்புவார்கள். மென்பொருளில் அந்தச் சோதனைத் துண்டு, பல நேரம் மேம்படுத்திய நம் கணினிதான்.

அடுத்த பெரிய மாற்றம் நடு இடத்திலேயே நடந்தது. விம் டேமன்ஸ் ரெட்ஹாட்டில் முதலில் காணொளிக்காகத் தொடங்கிய பைப்வயர், ஒலியையும் ஏற்றுக்கொண்டு பல்ஸ்ஆடியோவின் இருக்கைக்கு வந்தது. ஃபெடோரா 34-இல் 2021 ஏப்ரலில், உபுண்டு 22.10-இல் 2022 அக்டோபரில், டெபியன் 12-இன் ஜினோம் மேசைத்தளத்தில் 2023 ஜூனில். பழைய செயலிகள் தடுமாறக் கூடாது என்பதற்காகப் பைப்வயர் பல்ஸ்ஆடியோவின் குரலிலேயே பதில் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பழுது பார்ப்பவரை இது ஏமாற்றிவிடும். 'பேக்ட்எல் இன்ஃபோ' என்று கட்டளை கொடுத்தால் சேவையகத்தின் பெயர் "பல்ஸ்ஆடியோ" என்று தொடங்கும்; அதே வரியில் அடைப்புக்குறிக்குள் "பைப்வயர் மேல்" என்ற பொருளில் ஒரு குறிப்பும் பதிப்பு எண்ணும் இருக்கும். அந்த அடைப்புக்குறி, வெள்ளைப் பீங்கானில் விழுந்த கறுப்புத் தீற்றுக்குச் சமம். அதைக் கவனிக்காமல், 2014-இல் எல்லோரும் சொன்ன "பல்ஸ்ஆடியோவை நிறுத்தித் தொடங்கு" என்ற வைத்தியத்தைச் செய்தால், இல்லாத ஆளை எழுப்பிக்கொண்டிருப்பதாகத்தான் முடியும். சில கணினிகளில் பைப்வயர் வந்திருக்கும், ப்ளூடூத்துக்கான அதன் துணைப்பொதி வந்திருக்காது. ஹெட்செட் இணையும், உடனே துண்டித்துக்கொள்ளும். சிலவற்றில் பல்ஸ்ஆடியோவும் போகாமல் நிற்கும், இரண்டும் ஒரே ஹெட்செட்டுக்குப் போட்டியிடும். பைப்வயரின் முடிவுகளை எடுக்கும் வயர்ப்ளம்பர், 2024 மார்ச்சில் வந்த 0.5 பதிப்பில் அமைப்புக் கோப்புகளின் எழுத்துமுறையையே மாற்றியது. அதற்கு முன் லுவா மொழியில் எழுதிவைத்த கோப்புகள் அழிவதில்லை, படிக்கப்படுவதுமில்லை. 2025 ஆகஸ்டில் டெபியன் 13-க்கு வந்தவர்கள் இந்த மாற்றத்தில் போய் முட்டினார்கள். இதற்கிடையே டெபியன் 12, ப்ளூடூத் சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேரை மென்பொருள் மூலங்களின் பட்டியலில் தனிப் பிரிவாக்கியது. பழைய பட்டியலில் அந்தப் பிரிவைச் சேர்க்காமல் மேம்படுத்தினால் புதிய ஃபர்ம்வேர் வந்துசேராது.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருக்கும் மடிக்கணினிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் அது நிறைய. ஹெட்செட்டை ஜோடி சேர்க்கும்போது இரு பக்கமும் ஓர் இரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்கின்றன. ஹெட்செட்டின் பார்வையில் அந்தக் கணினி ஒரே முகவரி கொண்ட ஒரே ஆள். லினக்ஸை மேம்படுத்திவிட்டுப் புதிதாக ஜோடி சேர்த்தால் ஹெட்செட் பழைய சாவியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். மறுபடி விண்டோஸுக்குப் போனால் அதனிடம் இருப்பது செல்லாத சாவி. "லினக்ஸ் போட்டதும் விண்டோஸில் ப்ளூடூத் கெட்டுப்போச்சு" என்ற புகாருக்குக் காரணம் இது. அங்கே ஓட்டியை அழித்து நிறுவுவதில் நேரம் போக்க வேண்டியதில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு, ஓடுவதை ஏன் மேம்படுத்த வேண்டும் என்பது. சொந்தக் கணினியில் பிழைப்பு நடத்துகிறவரின் நியாயமான கேள்வி இது, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் 2017 செப்டம்பரில் வெளிவந்த ப்ளூபோர்ன் குறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜோடி சேர்க்காமலே, அருகில் இருக்கும் ஒருவர் ப்ளூடூத் வழியே கருவிக்குள் புக இடம் தந்த ஓட்டைகள் அவை; ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ் எல்லாமே அதில் சிக்கின. பழைய அடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டையையும் கட்டிக்கொண்டிருப்போம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மாறுவதா வேண்டாமா என்ற கேள்வி பலருக்கு இனி இல்லை, எப்போது என்பதுதான் மிச்சம். இரண்டாவது மறுப்பு, வயர் ஹெட்போன் போதுமே என்பது. பலருக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். பாட்டு கேட்பவருக்கு ஒரு மாலை வீணாகும், அவ்வளவே. ஆனால் பார்வையற்றவர்களுக்கு ஒலிதான் திரை. விண்டோஸில் என்விடிஏவும் லினக்ஸில் ஓர்காவும் எழுத்தைக் குரலாக்கித்தான் அவர்களுக்குக் கணினியைத் திறக்கின்றன. அப்படி ஒருவர் ப்ளூடூத் ஹெட்செட்டை நம்பியிருந்தால், மேம்படுத்திய மறுநாள் அவர் முன்னால் இருப்பது அணைந்த திரைக்குச் சமமான மௌனம்; எந்தப் பிழைச்செய்தி வந்திருக்கிறது என்றுகூடப் படிக்க முடியாது. இந்த ஒரு காரணம் போதும், இந்தப் பழுதைச் சில்லறை விஷயமாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கடைக்காரருக்கு வரலாறு எதற்கு, கட்டளை தெரிந்தால் போதாதா? வேலை முடிந்தால் சரி என்பவர்களுக்குப் பீஸ் கட்டையையே மறுபடி காட்டலாம். வீடுகளில் எம்சிபி என்ற தானியங்கிச் சுவிட்ச் வந்த பிறகு அந்தக் கட்டையின் இடம் சுருங்கிவிட்டது. எம்சிபியில் கம்பி இல்லை, கறையும் இல்லை, நெம்பு கீழே விழும், தூக்கிவிட்டால் முடிந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் எம்சிபியே மேல். கட்டையில் கம்பி அடிக்கடி அறுகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வீட்டையே ஆபத்தில் வைத்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் வைத்தியம் தெரிந்துதான் இருந்தது, கம்பி ஏன் மெல்லியது என்ற காரணம்தான் தெரியவில்லை. காரணம் தெரியாத கட்டளையும் அந்தத் தடித்த கம்பி போன்றதுதான். ஒலி வரவில்லை என்று யாரோ 2016-இல் சொன்ன நிரலை நிர்வாகி உரிமையோடு ஓட்டி, இருந்த அமைப்பையும் அழித்துவிட்டு நிற்பது அதன் கணினி வடிவம். பத்து கட்டளைகளை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டுகளில் அவை கிழடாகிவிடும். எந்த ஆண்டில் எந்தத் தளம் மாறியது என்று அறிந்தவர், புகாரைக் கேட்டவுடன் எதிலிருந்து எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார். டெபியன் 12-இலிருந்து 13 என்றால் கை நேராக வயர்ப்ளம்பரின் கோப்புக்குப் போகும், 11-இலிருந்து 12 என்றால் சேவையகத்தின் பெயரையும் ஃபர்ம்வேர்ப் பிரிவையும் பார்க்கும், இரட்டை இயங்குதளம் என்றால் சாவியை. வரலாறு இங்கே அலங்காரமில்லை, வேலையைக் குறைக்கும் கருவி.

இந்த அறிவு தமிழில் இல்லாமலும் இல்லை. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. விருத்தாசலத்திலிருந்து கார்டு லைனில் ரயில் ஏறினால் சேரும் விழுப்புரத்தில், கிராமத்து மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லித்தரும் பயனர் குழு இயங்குகிறது. கடைகளில், கல்லூரி ஆய்வகங்களில், யூட்யூப் காணொளிகளில் தமிழில் பழுது விளக்குகிறவர்கள் ஏராளம். அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தீர்வின் முதல் வரியில் இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் மாதத்தோடு ஆண்டையும் எழுதுங்கள், ஒலிச் சேவையகம் பல்ஸ்ஆடியோவா பைப்வயரா என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே எழுதியவற்றிலும் அந்த ஒரு வரியைப் போய்ச் சேர்த்துவிடுங்கள்.